'பார்டர்' செடிக்கு எல்லைச்செடி வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

> பெட்டிங் பிளான்ட் = படுக்கைச்செடி
> பார்டர் பிளான்ட் = எல்லைச்செடி

நாம் தமிழாக்கும் பூவிதைப் பட்டியலுக்காக, ஆங்கிலத் தோட்டச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயராக நம் குழுவின் ஐயா அனுப்பிய இந்த இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

முதலாவது எளிது. பாத்தி என்ற சொல் கையில் இருக்கும்போது படுக்கை எதற்கு? குழித்தட்டில் நாற்றாக வளர்த்து, மொட்டு விடும் சமயத்தில் பாத்திக்கு மாற்றி, பூத்து ஓய்ந்ததும் பிடுங்கிவிடுகிற செடி. பாத்திப்பூச்செடி என்றால் போதும்.

'பார்டர்'தான் சிக்கல். எல்லை என்றதும் வேலிதான் ஞாபகத்துக்கு வருகிறது. தோட்டக்காரர்கள் சொல்லும் பார்டர், சுவரையோ வேலிச்செடியையோ முதுகுக்கு வைத்துக்கொண்டு நீளமாக ஓடும் ஒரு பாத்தி. புல்வெளி நடுவே இருக்கும் பாத்தியைச் சுற்றி வந்து பார்க்கலாம். இதை ஒரு பக்கமிருந்துதான் பார்க்க முடியும். அதனால் உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால். இங்கிலாந்தில் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீகில் தம் மன்ஸ்டெட் வுட் தோட்டத்தில் அமைத்த பார்டர் 200 அடி நீளம், 14 அடி அகலம். இரு முனைகளிலும் நீலம், வெள்ளை, சாம்பல் இலைகள். நடுவில் சிவப்பும் ஆரஞ்சும் கொழுந்துவிட்டு எரியும். இதை எல்லை என்று சொல்ல முடியுமா?

ரகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எது முன்னால், எது பின்னால் என்ற இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். 1995-இல், புது ரகங்களை நட்டுச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் ஆல் அமெரிக்கா செலக்ஷன்ஸ் அமைப்பின் விருது வாங்கிய 'பர்ப்பிள் வேவ்' பெட்டூனியா அரையடி உயரந்தான், ஆனால் மூன்றடிக்குப் படரும். 'ஃபயர்வொர்க்ஸ்' வாடாமல்லி மூன்றடி உயரும். மெல்லிய காம்பு நுனியில் இளஞ்சிவப்புப் பூவுருண்டை, அதில் மஞ்சள் பொட்டுப் பொட்டாக. இதை முன்வரிசையில் நட்டால் பின்னால் உள்ளவை மறைந்துபோகும். விதை உறையில் சரியான சொல் இல்லாவிட்டால் வாங்குகிறவருக்குத்தான் நட்டம்.

வரப்புப்பூ என்றும் யோசித்தேன். ஆனால் வரப்பில் உளுந்து ஊன்றுகிற ஊரில், வரப்பு மேலேயே நடச் சொல்வதாகப் புரிந்துகொள்வார்கள்.

என் பரிந்துரை கரைப்பாத்தி, கரைப்பூச்செடி. சேலையின் கரையை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஓடினாலும் அது சேலையோடு சேர்த்து நெய்தது. கண் முதலில் போவதும் அங்கேதான். ஆற்றங்கரையோடு குழம்புமே என்று யாரேனும் கேட்கலாம். பாத்தி கூடவே வருவதால் குழம்பாது என்று நம்புகிறேன். 'மிக்ஸ்டு பார்டர்' வந்தாலும் கலப்புக் கரைப்பாத்தி என்று இயல்பாக நிற்கிறது.

சரி, இன்னும் ஒன்று பாக்கி. பாத்தியின் விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்கு வரிசையாக வைக்கும் 'எட்ஜிங்' செடிக்கு இப்போதைக்கு விளிம்புச்செடி என்று குறித்திருக்கிறேன். நாற்றுப்பண்ணைகளில் வேறு பெயர் புழங்கினால் சொல்லுங்கள், அதையே போட்டுவிடலாம்.