வாத்து வேட்டைக்குப் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி சரிவருமா?

கேள்வி: டெக்சஸ் கடலோரச் சதுப்புக்கு வாத்து வேட்டைக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ஃபுல் சோக் (குழல் முனையை மிகவும் குறுக்கி வைக்கும் அமைப்பு) வைத்த பழைய இரட்டைக்குழல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. அதற்குப் பதிலாகப் போடும் எஃகுக் குண்டு ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது. பழைய ஃபுல் சோக் குழலின் முனை வீங்கிவிடலாம். 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு), தோட்டா வைக்க 3 அங்குல அறை, மாடிஃபைட் சோக் (நடுத்தரக் குறுக்கம்) போதும். மூன்றரை அங்குலத் தோட்டா எல்லாம் தோள்பட்டைக்குத் தண்டனை.

இன்னொருவர்: சேற்றில் புழங்க, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன்தான் என் ஓட்டு. மெகசீனில் (தோட்டா அடுக்கும் குழாய்) பிளக், அதாவது கொள்ளளவைக் குறைக்கும் அடைப்பான், இருக்கிறதா பாருங்கள். அறையையும் சேர்த்து 3 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது.

முதலில் பதில் சொன்னவர்: அப்புறம், உப்புத் தண்ணீர். வீடு வந்ததும் சாப்பாடு பிறகுதான். தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டுக் குழலைக் கழற்றித் துடையுங்கள், எண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். சோக்கையும் கழற்றி மரைக்கு கிரீஸ் தடவுங்கள். விட்டால் துருவில் இறுகிவிடும். ஈர உறைக்குள் ராத்திரி முழுக்க வைக்கவே வேண்டாம்.

கேட்டவர்: சரி, பம்ப்தான். டக் ஸ்டாம்ப் (நீர்ப்பறவை வேட்டைக்கு வாங்கும் அரசு முத்திரை) கட்டாயமா?

இன்னொருவர்: 16 வயது ஆகிவிட்டால் கட்டாயம். 25 டாலர்.