புதுப்பிப்பு: சிங்கப்பூரிலிருந்து பினாங்கு மாநாட்டுக்குக் காரில்

நானும் மனைவியும் சிங்கப்பூர் வண்டியில் பினாங்கு மாநாட்டுக்குப் போக எந்த வழி நல்லது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, போய்த் திரும்பிவிட்டோம்.

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியை விட்டுவிட்டு விடிவதற்குள் துவாஸ் சோதனைச் சாவடி வழியே போகச் சொன்ன யோசனைதான் பலித்தது. எல்லையில் நாற்பது நிமிடம்தான் ஆனது. பெட்ரோல் டேங்க் முக்கால் அளவாவது இருந்தால்தான் சிங்கப்பூரை விட்டு வெளியே விடுவார்கள் என்று நினைவூட்டியவருக்குத் தனி நன்றி. எங்கள் முள் பாதியில்தான் நின்றிருந்தது! மலேசிய வாகன நுழைவு அனுமதியை முன்பே வாங்கியிருந்தோம்.

எதிர்பாராதது நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணம். அதைக் கட்டப் பயன்படும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் பற்றாது என்று ஈப்போ அருகேதான் புரிந்தது, ஓய்விடத்தில் நிரப்பினோம். அப்புறம், பினாங்குப் பாலத்திலும் சுங்கம் உண்டு, தீவுக்குப் போகும்போது மட்டும்.