தீவுப் பாசியும் மிதவைப் பாசியும்: பாம்பன், மண்டபம் கரை அனுபவங்கள்

கரையோரம்:
பாம்பன், மண்டபம் பக்கம் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் வேலையும், கடலில் மிதவை கட்டிப் பாசி வளர்ப்பதும் நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். “தீவுக்குப் போகாதே, மிதவை போடு” என்று பெண்களிடம் சொல்லிவிடுவது சுலபம். அந்த மாற்றம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

குருசடை:
தீவுப் பாசியிலிருந்து தொடங்குகிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் தீவில் இறங்குவதே சட்டப்படி தவறு. குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல் என்று காலங்காலமாகப் போய்வந்த பெண்களின் பிழைப்பு ஒரே அறிவிப்பில் குற்றமாகிவிட்டது.

எடுப்பது பெரும்பாலும் மூன்று வகை: மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. முதல் இரண்டும் கடற்பாசி ஜெல்லியான அகர் அகர் தயாரிக்க, கட்டக்கோரை ஆல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருளுக்கு. கைவிரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கிக் கையால் பறிப்பார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் அடிப்பிடியை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் கிள்ளினால் பாசி மறுபடி தழைக்கும். இரும்புத் தகட்டால் சுரண்டினால் அடிப்பிடியும் போகும், பவளமும் உடையும். அதனால்தான் சுரண்டியைக் கைவிடுவதென்று பெண்களே முடிவெடுத்தார்கள். அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், ஆக மாதத்துக்கு 12 நாள்தான் கடலில் இறங்குவது. மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி 45 நாள் முழு ஓய்வு. இந்த ஒழுங்கை அதிகாரிகள் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இதற்காகப் பாடுபட்ட சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-ல், தீவுகளைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று தரும் சீகாலஜி விருது கிடைத்தது. தீவுகளைக் காக்கும் திட்டம் யார் போட்டாலும் இந்தப் பெண்களை அருகில் உட்கார வைத்துத்தான் போட வேண்டும்.

தீவுகளும் இருந்த இடத்தில் இருந்தபடி இல்லை. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோன காலத்தில் அலையைத் தடுத்த வேலி அறுந்தது. 2010, 2016 வெப்பத்தில் பவளம் பெருமளவு வெளுத்தது.

வடகடல்:
மிதவைக் கணக்கை நான் எழுதுகிறேன். வளர்ப்பது கப்பாபைகஸ் என்ற பாசி. இது நம் கடலின் பாசி இல்லை. மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தார் பரிசோதித்து, 2000-களின் தொடக்கத்தில் பெப்சிகோ நிறுவனம் ஒப்பந்த வளர்ப்பாகப் பரப்பியது.

ஒரு மிதவை 12 அடிக்கு 12 அடி. நான்கு பக்கமும் மூங்கில், மூலைக்கு ஒன்றாகக் குறுக்கே 4 அடித் துண்டு. இந்தக் குறுக்குத் துண்டைச் சோம்பலில் விட்டால் முதல் பெருங்காற்றிலேயே சட்டம் சாய்சதுரமாகக் கோணிப்போகும். அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 விதைத்துண்டு, துண்டு 150 கிராம். மொத்தம் 60 கிலோ விதை. துண்டுக்குத் துண்டு சுமார் அரை அடி. இறுக்கிக் கட்டினால் முடிச்சிடத்தில் அழுகும், தளர்த்தினால் அலை உருவிக்கொண்டு போகும். அடியில் பழைய மீன்வலை கட்டியே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் ஓரா மீன் கூட்டமாக வந்து நுனிக்கொழுந்தை மேய்ந்துவிடும். பத்து மிதவையைத் தொடுத்து நங்கூரம் போடுவது வழக்கம்.

45 நாளில் ஒரு மிதவை 200 முதல் 250 கிலோ வரை தரும். அதில் 60 கிலோ அடுத்த விதை. மீதி 140-190 கிலோ, காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 14 முதல் 19 கிலோ. புதிதாக வருபவர்கள் பச்சை எடையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டு ஏமாறுவது இங்கேதான். ஒரு ஆளுக்கு 45 மிதவை என்று சொல்வதன் காரணம், தினம் ஒன்று அறுத்துத் தினம் ஒன்று கட்டினால் சுற்று முடிகிறது.

கெடுவது இரண்டு காலத்தில். ஐப்பசி தொடங்கி வாடைக்காற்று வடகடலை, அதாவது பாக் நீரிணைப் பக்கத்தை, அடிக்கும்போது மிதவை நிற்காது. அதற்குமுன் கரையேற்றிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் நீர் சூடேறும். கிளை வெள்ளையாகி, மெலிந்து, தொட்டால் ஒடியும். காற்றும் நீரோட்டமும் அடங்கிய நாள்களில் இது வேகமாகப் பரவும். வெள்ளை கண்ட துண்டை அன்றே வெட்டி எடுங்கள், நல்ல துண்டை ஓட்டமுள்ள ஆழமான இடத்துக்கு மாற்றுங்கள். 2013-14-ல் பாசி கூட்டமாகச் செத்தபோது விதையே தட்டுப்பாடானது. பல தலைமுறையாக ஒரே செடியின் துண்டுகளையே நட்டால் அது இளைத்துத்தான் போகும்.

கரையோரம்:
அண்ணே, வாடைக்காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத் தென்கடல் அமைதியாகத்தானே கிடக்கிறது. மிதவையை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டால் என்ன?

வடகடல்:
கூடாது தம்பி. 2005 அரசாணைப்படி பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணையிலும், தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம். நடுவில் இருப்பது தேசியப் பூங்கா. விதியின் காரணமும் வலுவானது. குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின்மேல் போர்வைபோலப் படர்ந்து மூச்சடைத்ததை 2008-ல் பதிவு செய்தார்கள். அறுந்த துண்டு ஒன்று போய் ஒட்டினாலே போதும், தானாக வளரும். ஆகவே அறுவடையில் உதிர்ந்த துணுக்கைக் கடலில் எறியாதீர்கள், அத்தனையையும் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

ஓலைக்குடா:
காயவைப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், பாதி நட்டம் அங்கேதான். வெறும் மணலில் பரப்பினால் மணலும் சிப்பித்தூளும் ஒட்டி விலை இறங்கும். தார்ப்பாயோ, வலை விரித்த உயரப் பந்தலோ வேண்டும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள், இடையிடையே புரட்ட வேண்டும். மழை படக் கூடாது. நன்னீர் பட்டால் உப்புச்சத்து கரைந்து பாசி வெளுத்து, பிசுபிசுத்து வீணாகும். இரவில் குவித்து மூடுங்கள், பனியும் ஈரம்தான்.

குருசடை:
அந்தப் பந்தலுக்கு இடம் எங்கே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. 2020-ல் வந்த மத்திய மீன்வளத் திட்டத்தில் மிதவை ஒன்றுக்கு 1,500 ரூபாய் மதிப்பிட்டு, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் வைத்தார்கள். அந்த மதிப்பீட்டில் காயவைக்கும் கரை சேரவில்லை. விடுதிச் சுவரும் வேலியும் வரவரக் கடலோரத்தில் பாசி பரப்பும் புறம்போக்கு சுருங்குகிறது. சொந்தமாக இரண்டு சென்ட் இல்லாத பெண் 45 மிதவையின் பாசியை எங்கே உலர்த்துவாள்? தீவுப் பாசிக்கு முதலீடு கிடையாது. ஒரு பையும் ஒரு மூச்சும் போதும். மிதவை செத்த வருடத்தில் அடுப்பெரிய வைப்பது அதுதான். மிதவைக்கு விண்ணப்பிக்கும் குழுக்கள், கடலில் இடம் கேட்கும் அதே மனுவில் கரையில் பொதுவான உலர்களத்தையும் கேளுங்கள். குழுவின் பெயரிலேயே கேளுங்கள். தனி ஆள் பெயரில் போனால் அது வியாபாரியின் களமாகிவிடும்.