முழு அணியும் ஊர்ப் பெடியளாய் ஐரோப்பியக் கிண்ணம் எடுத்தது உண்மையோ?

பந்தடிப் பெடியன்:
எங்கட கழகத்தில ஒரே சண்டை. சுற்றுப்போட்டிக்கு மன்னாரில இருந்து ரண்டு பேரை இறக்குவம் எண்டு ஒரு பகுதி நிக்குது. பயிற்றுநர் ஐயா மட்டும் “ஸ்கொட்லாந்துக் கழகம் செல்ரிக் ஊர்ப் பெடியளை வைச்சே ஐரோப்பியக் கிண்ணம் எடுத்தது” எண்டு விடாப்பிடியா நிக்கிறார். உண்மையோ, சும்மா கதையோ?

குருநகர்ப் பழசு:
உண்மைதான் தம்பி. 1967 மே 25, லிஸ்பனுக்குப் பக்கத்தில. செல்ரிக் 2, இத்தாலிக் கழகம் இன்ரர் மிலான் 1. பதினொரு பேரும் கிளாஸ்கோவில கழக மைதானத்தைச் சுற்றி 30 மைலுக்குள்ள பிறந்த ஆக்கள். யாழ்ப்பாணத்தில இருந்து வடக்கால 30 மைல் போனா நீ கடலுக்குள்ள நிப்பாய்!

இன்ரர் லேசுப்பட்ட ஆக்களில்லை. 1964, 1965 கிண்ணம் ரண்டும் அவையிட்டத்தான். ஒரு கோல் விழுந்தாக் காணும், அவையின்ர பயிற்றுநர் ஹெரேராவின்ர ஆக்கள் பின்னுக்குப் பூட்டுப் போட்டிடுவினம். அண்டைக்கும் அதுதான். 7ஆம் நிமிசம் செல்ரிக்கின்ர கிரெய்க் ஒருத்தனை விழுத்த, இன்ரரின்ர மசோலா பெனால்ரியில கோல் அடிச்சார். பிறகு முழுக்க செல்ரிக்கின்ர அடிதான். ரண்டு தரம் குறுக்குக் கம்பத்தில பட்டது. இன்ரர் கீப்பர் சார்ட்டி மலை மாதிரி நிண்டார். 63ஆம் நிமிசம் அதே கிரெய்க் பந்தைக் குடுக்க, ஜெம்மல் பெனால்ரிப் பெட்டிக்கு வெளியால நிண்டு விட்டார் ஒரு இழுவை, கோல். பாத்தியே, குடுத்ததும் அடிச்சதும் பின்வரிசைக்காரர்! 84ஆம் நிமிசம் மேர்டொக் அடிச்ச பந்தை சாமர்ஸ் கால் வைச்சுக் கோலுக்குள்ள திருப்பினார்.

வடமராட்சி வாசி:
இன்ரரில சுவாரெஸ் காயத்தால இறங்கேல்லை. அதையும் சொல்லுங்கோ அண்ணை.

குருநகர்ப் பழசு:
சரி, சொல்லியாச்சு. ஒரு ஆள் வராட்டி மிச்சப்பேர் எல்லாரும் பெட்டிக்குள்ள நிக்கோணுமே? தம்பி, ஊர்ப்பெடியள் எண்டதால மட்டும் வெல்லேல்லை. ஜொக் ஸ்ரெயின் மேலாளரா வர முந்தியே செல்ரிக்கின்ர இரண்டாம் அணியைப் பழக்கினவர். அணித் தலைவர் மக்னீல் அந்தக் கையால வளந்த ஆள். உங்கட கழகத்தில சின்னப் பெடியளை ஆர் பழக்கிறது?

இன்னொண்டு. செல்ரிக்கில சில பேரின்ர பொய்ப்பல்லுகள் கீப்பர் சிம்சனின்ர தொப்பிக்குள்ள, கோலுக்குள்ள கிடந்தது. விசில் ஊதச் சனம் உள்ளுக்க பாய, லெனொக்ஸ் ஓடினது பல்லு எடுக்க.

பந்தடிப் பெடியன்:
சின்னப் பெடியள் இருக்கினம் அண்ணை, நல்ல பந்துதான் இல்லை. மன்னார் ஆக்களுக்குக் குடுக்கிற காசில எத்தினை பந்து வாங்கலாமெண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில கேக்கப்போறன்.