ஹேசாப் ஆய்வு: அலாரம் இருந்தால் விளைவு இல்லை என்று எழுதலாமா?

கேள்வி

வேதிப்பொறியியல் முடித்து ஓராண்டு ஆகிறது. விரைவில் தொடங்கவுள்ள ஹேசாப் ஆய்வில் (ஆலையின் இயக்கம் வடிவமைப்பிலிருந்து எப்படி விலகலாம், அதனால் என்ன ஆபத்து என்று குழுவாக அலசும் ஆய்வு) குறிப்பெழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டுள்ளது. இல்லை, அதிகம், குறைவு, எதிர்த்திசை முதலிய வழிகாட்டிச் சொற்களை ஓட்டம், அழுத்தம், மட்டம் ஆகியவற்றோடு சேர்த்து விலகல்களை உருவாக்குவது புரிகிறது. ஆனால் பயிற்சிக்காகப் படித்த பழைய அறிக்கையில், கரைப்பான் தொட்டியில் 'மட்டம் அதிகம்' என்ற விலகலுக்கு எதிரே 'உயர்மட்ட அலாரம் இருப்பதால் குறிப்பிடத்தக்க விளைவு இல்லை' என்று எழுதியிருந்தார்கள். இது சரியான முறையா?

மறுமொழி 1

சரியில்லை, ஆனால் பரவலாகக் காணப்படும் பிழைதான். விளைவை எழுதும்போது எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் வேலை செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்: தொட்டி வழியும், கரைப்பான் ஆவியாகிப் பரவும், தீப்பொறி கிடைத்தால் பற்றிக்கொள்ளும். அலாரம் அட்டவணையில் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான அடுத்த பத்தியில் வர வேண்டியது. அங்கும் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது. தொட்டி நிரம்பியதற்குக் காரணமே லெவல் டிரான்ஸ்மிட்டர் (மட்டத்தை அளந்து அனுப்பும் கருவி) குறைவாகக் காட்டியதுதான் என்றால், அதே கருவியை நம்பியிருக்கும் அலாரமும் ஒலிக்காது. ஆகவே அந்தக் காரணத்துக்கு அதைப் பாதுகாப்பாகக் கணக்கிட முடியாது. உள்வரும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்ற காரணத்துக்குக் கணக்கிடலாம். காரணம் மாறினால் பாதுகாப்பும் மாறுவதால், ஒவ்வொரு காரணத்தையும் தனி வரியில் எழுதிப் பழகுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 500 லிட்டர் பாயும்போது, அலாரம் ஒலித்த பின் 2,000 லிட்டருக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் ஆபரேட்டருக்குக் கிடைப்பது 4 நிமிடம். அதற்குள் அவர் நடந்து சென்று கையால் வால்வை மூட வேண்டுமென்றால், அதைப் பாதுகாப்பு என்று எழுத எனக்குக் கை வராது.

மறுமொழி 2

மேலே சொன்னது கற்பனையல்ல. 2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் உயிரிழந்த விபத்தில், காய்ச்சி வடிக்கும் கோபுரம் மட்டுமீறி நிரம்பிக்கொண்டிருந்தபோது மட்டக் கருவி குறைவாகக் காட்டியது. தனியாக இருந்த இன்னொரு உயர்மட்ட அலாரமும் ஒலிக்கவில்லை. போபாலில் 1984-இல் விஷவாயு கசிந்த தொட்டியின் குளிரூட்டல் நிறுத்தப்பட்டிருந்தது. ஃபிளேருக்கு (வெளியேறும் வாயுவை எரித்துவிடும் கோபுரம்) செல்லும் குழாயின் ஒரு பகுதி கழற்றப்பட்டிருந்தது. வரைபடத்தில் இருக்கும் கருவி களத்தில் இயங்குகிறதா, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதைப் பராமரிப்புப் பிரிவிலிருந்து வந்தவரிடம் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். அவர் வராத நாளில் ஆய்வைத் தள்ளிவைப்பதே நல்லது.

மறுமொழி 3

குறிப்பெழுதுபவருக்கு ஒரு சொல். ஹேசாப் ஆய்வுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 61882, எல்லா விலகல்களையும் பதிவு செய்வதையும் சிக்கல் உள்ளவற்றை மட்டும் பதிவு செய்வதையும் விவரிக்கிறது. முழுப் பதிவையே கேளுங்கள். இல்லையேல், பேசித் தள்ளப்பட்டது எது, பேசாமலே விடப்பட்டது எது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. பரிந்துரையில் 'ஆராயவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கருவி, என்ன மாற்றம், யார் பொறுப்பு என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கட்டும்.

கேட்டவர்

நன்றி. பழைய அறிக்கையோடு இணைத்திருந்த பி அண்டு ஐடி வரைபடத்தை (குழாய்களையும் கருவிகளையும் காட்டுவது) மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அந்தத் தொட்டியின் கட்டுப்பாட்டு வால்வும் உயர்மட்ட அலாரமும் ஒரே டிரான்ஸ்மிட்டரிலிருந்துதான் வருகின்றன.