புதுப்பிப்பு: பின்பக்கம் உயர்த்திய பிக்கப்பில் கிளம்பும்போது வந்த அதிர்வு தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பின்பக்கத்தை உயர்த்த, பின் அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் (பட்டை வில்) நடுவில் 2 அங்குல பிளாக் வைத்த பிறகு, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி உதறும். வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். இதுதான் பிரச்சினை.

டயர் பேலன்ஸ் செய்தும் மாறவில்லை. எஞ்சின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் யூ ஜாயின்ட்டில் (மடங்கும் மூட்டு) ஆட்டம் இல்லை. ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கைக் கீழே இறக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் பின்பக்கம் உயர்ந்தால் நடு மூட்டின் கோணம் கூடிவிடுகிறது. பேரிங்கை இறக்க, அதன் பிராக்கெட்டுக்கு மேலே அரை அங்குல ஸ்பேசர் (இடைத்துண்டு), கூடவே நீளமான போல்ட். அவ்வளவுதான், உதறல் சுத்தமாகப் போய்விட்டது. சுமை ஏற்றியும் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

எதிர்பாராத ஒன்று: ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கியபோது பின்பக்க பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) விறைத்து இழுபட்டது. நீளமானதாக மாற்றிவிட்டேன். உயர்த்தியவர்கள் தயவுசெய்து அதிர்வுக்குக் காரணம் தேடும் முன் இதைப் பாருங்கள்.