கணவரை இழந்த பெண்ணின் குடும்பத்துக்கு எங்கு உதவி கேட்பது?

கேள்வி:
எங்கள் தெருவில் வசிக்கும் கொத்தனார் ஒருவர் அண்மையில் மாரடைப்பால் காலமானார். பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளுடன் வீட்டு வேலைக்குச் செல்லும் அவருடைய மனைவிக்கு என்னென்ன அரசு உதவிகள் கிடைக்கும், முதலில் எந்த அலுவலகத்தை அணுக வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் முதலில் வாங்கச் சொல்லுங்கள். பிறகு இ-சேவை மையத்தில் கைம்பெண் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்குப் பின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை வழங்குவார். 2023-இல் இத்தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் வீட்டு வாடகைகூடத் தேறாது என்பது வேறு விஷயம்.

பதில் 2:
கொத்தனார் என்பதால், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வீட்டில் இருக்கிறதா என்று உடனே தேடச் சொல்லுங்கள். பதிவு நடப்பில் இருந்தால், இயற்கை மரண உதவியும் ஈமச்சடங்கு உதவியும் கேட்டு, மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவை அணுகலாம்.

பதில் 3:
பலருக்கும் தெரியாத ஒன்று: கைம்பெண்களின் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாதிருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். மனுக்கள் தேங்கினால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.